மேற்கோள்: பூஜ்யம்

ஓஸ்த்ராவாவில் பிப்ரவரி. ட்ராம் கண்ணாடிக்கு வெளியே
ஊரெல்லாம் பனி; அந்தக் கரிக்கழிவு மேட்டில் மட்டும்
உச்சி கறுத்து ஈரமாய்க் கிடக்கிறது.
உள்ளே இன்னும் கனல்கிறதாம்,
ஊருக்குள் சுரங்கங்களை மூடி முப்பது வருடம் ஆகியும்.

அமைச்சகம் கேட்டது ஒரே கேள்விதான்:
இந்தச் சஞ்சிகைக்குப் பணம் தரலாமா, நிறுத்தலாமா?
வெட்டு ஒன்று துண்டு இரண்டாய்ப் பதில் வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

சஞ்சிகையோ மங்கல் தர்க்கத்துக்கானது.
அதன் பக்கங்களில் யாரும் முழுதாய் உயரமில்லை,
எந்த அறையும் முழுதாய்ச் சூடில்லை.
ஏறக்குறைய, ஓரளவு, கொஞ்சம்போல:
நாம் வாய்தவறிச் சொல்வதற்கெல்லாம்
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
ஓர் இடம் பார்த்து உட்கார வைப்பார்கள்.

இருபத்தொன்பது ஆண்டு, நூற்றுப் பதினான்கு இதழ்.
(வெள்ளம் வந்த வருடம் இரண்டு குறைந்துபோனது.)
எண்ணினேன். வரைபடம் போட்டேன்.
முதலில் துவைக்கும் இயந்திரங்கள் வந்தன,
அழுக்கின் அளவை மோப்பம் பிடித்தபடி.
பிறகு குலுங்காமல் நிற்கும் ரயில்கள்.
இரண்டாயிரத்து ஒன்றோடு சலவை செத்தது.
தாப்ரீஸிலிருந்தும் லான்ஜோவிலிருந்தும் எழுதினார்கள்,
யாரிடம் சரக்கு வாங்குவது, எங்கே அணை கட்டுவது என்று.
அப்புறம் எல்லாத் தலைப்பிலும் நரம்பு வலைகள்,
எல்லாத் தலைப்பிலும் ‘ஒரு புதிய அணுகுமுறை’.

மேற்கோள்களின் கோடு செங்குத்தாய் ஏறிய இடத்தில்
தோண்டிப் பார்த்தேன். ஏழே பேர்.
கல்யாண வீட்டு மொய்போல
இவர் அவருக்கு எழுத, அவர் இவருக்குத் திருப்ப,
நோட்டு மட்டும் கனத்துக்கொண்டே போயிருக்கிறது.

அடுக்கின் அடியில் ஒரு கட்டுரை.
வி. ஷிண்டெலார்ஷ், 2003, ஒன்பது பக்கம், செக் மொழியில்.
மீத்தேன் ‘கொஞ்சம் அதிகம்’ என்று
சுரங்கத்துக்காரர் சொல்லும்போது என்ன சொல்கிறார்?
நாற்பத்தொரு பேரிடம் கேட்டு
சரிவகங்களாய் வரைந்திருந்தார்.
மேற்கோள்: பூஜ்யம்.
மொத்தச் சஞ்சிகையிலும் மங்கலே இல்லாத ஓர் எண்.

பதிப்பாசிரியர் ஓத்மாரிடம் கேட்டேன், யார் இவர்?
தேநீர்ப் பையைப் பிழிந்தபடி சொன்னார்:
ஓரளவுக்குப் பொறியாளர். பெருமளவுக்குப் பிடிவாதக்காரர்.

வியாழன் காலை கர்வினாவுக்குப் பஸ்.
விளக்கறைச் சுவரில், ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில்
நாடா ஒட்டி ஒட்டி மஞ்சளான ஒரு தாள்.
அதே சரிவகங்கள். யாரோ வண்ணப் பென்சிலால்
பச்சையிலிருந்து சிவப்புக்குத்
தேய்த்துத் தேய்த்துக் கலந்திருந்தார்.

எழுதியவர் பெயர் லுமீர் பஸ்டாவுக்குத் தெரியாது.
மீட்டர் சரி என்று சொல்லும், என்றார்,
இந்தத் தாள் அவ்வளவு சரியில்லை என்று சொல்லும்.
அப்போது பையன்களை மேலே ஏற்றிவிடுவோம்.
எத்தனை தடவை?
சில.
சில என்றால்?
ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
நான்குக்கு மேல். பத்தெல்லாம் இருக்காது.
ஏற்றிய பிறகு என்ன நடந்தது?
ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததற்கு
என் அட்டவணையில் பத்தி இல்லை.
ஏற்றாமல் இருந்தாலும் நடந்திராதோ என்னவோ;
அதற்கும் இல்லை.

திரும்பும் வழியில் மறுபடி அந்த மேடு.
பனி எங்கே முடிகிறதென்று பார்க்க
ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினேன்.
வெள்ளை, பிறகு சேறு கலந்த வெள்ளை,
பிறகு புல் எட்டிப் பார்க்கும் ஏதோ ஒன்று.
கையுறையைக் கழற்றித் தரையில் வைத்தேன்.
சூடு என்று சொல்ல முடியாது.
குளிர் என்றால் பொய்.

படிவத்தில் இரண்டே கட்டம்.
‘தரலாம்’ என்பதில் குறியிட்டேன்.
எவ்வளவு தரலாம் என்று
பேனாவை அழுத்திய அளவைக் கொண்டு
யாராவது கண்டுபிடிக்கட்டும்.

மறுநாள் ஓத்மாரிடமிருந்து ஒரு வரி வந்தது.
நன்றிகூட இல்லை:
‘இதழ்கள் நூற்றுப் பதின்மூன்று. திருத்தவும்.’